உப்புக் காற்றும் அமில ஆவியும் உள்ள ஆலையில் கம்ப்யூட்டருக்கு எந்தப் பெட்டி?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். கடலூர் சிப்காட்டில் சாயத்துக்கான இடைப்பொருள் தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தளத்தில் நான்கு இடங்களில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பேக்கிங் ஹாலில் இரண்டு, எடை மெஷினோடு இணைத்து லேபிள் அடிப்பதற்காக. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈடிபி ஷெட்டில் ஒன்று. எளிதில் தீப்பற்றும் கரைப்பானான டொலுயீனை டிரம்மில் நிரப்பும் இடத்தில் ஒன்று. எல்லாமே சாதாரண டெஸ்க்டாப். ஆறேழு மாதத்துக்கு மேல் எதுவும் தாக்குப்பிடிப்பதில்லை. திறந்து பார்த்தால் போர்டில் பச்சை பூத்திருக்கிறது, சில இடங்களில் கறுத்திருக்கிறது. உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் ஒருவர், பவுடர் கோட்டிங் அடித்த எம்எஸ் (சாதாரண இரும்பு) பெட்டியில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துத் தருகிறேன் என்கிறார். சென்னையிலிருந்து வந்த இன்னொருவர் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), ஐபி 66, பேனல் ஏசியோடு என்கிறார். விலை பல மடங்கு அதிகம். "ஐபி 66 வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?" என்று முதலாளி கேட்கிறார். எதை வாங்கலாம்? செத்துப்போன கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லவில்லை. டொலுயீன் நிரப்பும் இடத்துக் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். மற்ற மூன்றும் செத்தால் பணம்தான் போகும். இதில் ஆள் போகும். இன்றைக்கே அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். டிரம் நிரப்பாத நேரமாகப் பார்த்து, அந்த இடத்துக்கு வெளியே உள்ள டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் எம்சிபியை இறக்கிவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். அங்கேயே நின்று ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம். அதில் வரும் பொறியே போதும்.

டொலுயீனின் ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 4 டிகிரி செல்சியஸ். கடலூரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே வருடம் முழுக்க, திறந்த டிரம் வாயில் தீப்பிடிக்கக்கூடிய ஆவி இருந்துகொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் கேபிள் டிரெஞ்சிலும் போய்த் தங்கும். அங்கே ஒரு சாதாரண டெஸ்க்டாப் இத்தனை நாள் விபத்தில்லாமல் ஓடியிருக்கிறது என்பதை வைத்து இனியும் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

அந்த இடத்துக்கு எந்த ஐபி எண்ணும் உதவாது. ஐபி என்பது தூசிக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கு. எரியும் ஆவி உள்ள இடத்துக்கு ஐஎஸ்/ஐஇசி 60079 என்ற வேறொரு தர வரிசை இருக்கிறது. உங்கள் ஆலையில் எந்த இடம் ஜோன் 1 (வழக்கமான வேலையிலேயே எரியும் ஆவி வரக்கூடியது), எந்த இடம் ஜோன் 2 (எப்போதாவது மட்டும் வரக்கூடியது) என்று காட்டும் ஏரியா கிளாசிஃபிகேஷன் வரைபடம் இருக்க வேண்டும். அதை எடுத்துப் பாருங்கள். அங்கே வைக்கும் மின் சாதனம் ஒவ்வொன்றும் அந்த ஜோனுக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், நம் நாட்டில் அதற்கு பெசோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். எடை மெஷின், லேபிள் பிரிண்டர், சுவிட்ச், பல்பு எல்லாமே இதில் அடங்கும்.

"ஃப்ளேம் ப்ரூஃப் பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைத்துவிடலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஃப்ளேம் ப்ரூஃப் பெட்டி ஆவி உள்ளே போவதைத் தடுப்பதில்லை. உள்ளே வெடித்தாலும் அந்தச் சுடர் மூடி பொருந்தும் ஃப்ளாஞ்ச் இடுக்கு வழியாக வரும்போது குளிர்ந்து, வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்வதுதான் அதன் வேலை. அதில் உங்கள் கேபிளுக்காகக் கூடுதலாக ஒரு துளை போட்டால் சான்று அன்றோடு செல்லாது. ஆகவே கம்ப்யூட்டர் பாதுகாப்பான பகுதியில் இருக்கட்டும். சான்று பெற்ற எடை மெஷின் மட்டும் அங்கே இருக்கட்டும், சிக்னல் வெளியே வரட்டும். லேபிளையும் வெளியே அடித்துக் கொண்டுபோய் ஒட்டட்டும். வேலையாட்களுக்குக் கொஞ்சம் நடை கூடும். அந்த நடை இருக்கட்டும்.

சரி, மற்ற மூன்றுக்கு வருவோம்.

முதலாளியின் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: ஐபி 66 மட்டும் வாங்கினால் தீராது. ஐபி 66-இல் முதல் 6, தூசி உள்ளே நுழையாது என்று சொல்கிறது. இரண்டாவது 6, பலமான தண்ணீர்ப் பாய்ச்சலைத் தாங்கும் என்று சொல்கிறது. சோதனைக்கூடத்தில் டால்கம் பவுடரைப் பறக்கவிட்டுத் தூசிச் சோதனையை முடிக்கிறார்கள். 12.5 மில்லிமீட்டர் நாஸிலில் நிமிடத்துக்கு 100 லிட்டர் நல்ல தண்ணீரைப் பீய்ச்சித் தண்ணீர்ச் சோதனையை முடிக்கிறார்கள். பெட்டி புதிதாக இருக்கும்போது நடக்கும் சோதனை அது. உப்பு அரிக்குமா, அமில ஆவி போகுமா, உள்ளே சூடு எவ்வளவு ஏறும், இரவில் வியர்க்குமா, இரண்டு வருடம் கழித்து கதவு விளிம்பில் உள்ள ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போகுமா என்ற எந்தக் கேள்வியையும் அந்த எண் கேட்பதில்லை. உங்கள் கம்ப்யூட்டர்களைக் கொன்றது தூசியோ தண்ணீரோ இல்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பச்சையும் கறுப்பும் காற்றின் வேலை.

உப்பனாற்றைத் தாண்டினால் கடல். பிற்பகலில் கடல்காற்று கிளம்பியதும் உப்புத் துகள் உங்கள் ஷெட்டுக்குள் வந்து படிகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். அதனால் நம் கரையோரத்தில் போர்டின் மேல் படிந்த உப்பு முழுசாக உலர்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று எப்போதும் அங்கே இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் வோல்டேஜும் இருக்கிறது. செம்பு கரைந்து சிப்பின் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு நகரும். பச்சை பூப்பது இப்படித்தான். உங்கள் ஆலையில் அமில ஆவியைக் கழுவியெடுக்கும் ஸ்க்ரப்பர் சரியாக வேலை செய்யாத நாளில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் இதோடு சேரும் என்று நினைக்கிறேன்.

ஈடிபி ஷெட்டின் கதை வேறு. அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அதே வேலையை அது செம்பிலும் வெள்ளியிலும் போர்டுக்குள் செய்கிறது. "பழைய கம்ப்யூட்டர் எல்லாம் பத்து வருஷம் ஓடிச்சு, இப்ப வர்றதுதான் சொத்தை" என்று உங்கள் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2006-இல் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு, பல போர்டுகளில் ஈயம் கலந்த பூச்சுக்குப் பதில் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தக வாயு உள்ள இடத்தில் அது சீக்கிரம் பலியாகிறது. கால்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் முன்பைவிடக் குறைந்துவிட்டது.

பெட்டிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய எர்த் ஒயரிலிருந்து செம்புக் கம்பித் துண்டுகளை எடுத்து, எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, கைபடாமல் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஏசி போட்ட கண்ட்ரோல் ரூமிலும் ஒன்றை வையுங்கள். பக்கத்தில் சின்ன வெள்ளித் துண்டு ஒன்றும் இருந்தால் நல்லது. 30 நாள் கழித்து எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, போட்டோ எடுத்து, முதலாளியிடம் காட்டுங்கள். ஐஎஸ்ஏ 71.04 என்ற தரமும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. அங்கே செம்பு, வெள்ளித் தகடுகளை 30 நாள் வைத்து, படிந்த படலத்தின் தடிமனை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். செம்பில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருந்தால் ஜி1, அதாவது எலக்ட்ரானிக்ஸ் நிம்மதியாக வாழும் காற்று. 2,000-ஐத் தொட்டால் ஜிஎக்ஸ். அங்கே திறந்த போர்டை வைப்பதற்கு இடமே இல்லை. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. கம்பித் துண்டை வைத்து அவ்வளவு நுட்பமாக அளக்க முடியாதுதான். ஆனால் எந்த இடம் மோசம், எது பரவாயில்லை என்று கண்ணிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியைப் பாருங்கள். ஃபில்டரோடு சேர்த்து ஒரு ஃபேன் மணிக்கு 50 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,200 கன மீட்டர். அவ்வளவு உப்புக் காற்றையும் அமில ஆவியையும் நாமே காசு கொடுத்து போர்டின் மேல் ஊதிவிடுகிறோம். ஃபில்டர் பஞ்சு தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. தூசி மட்டும் உள்ள உலர்ந்த ஊரில் ஃபேன் பெட்டி நல்ல பெட்டிதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும், அதிலும் ரசாயன ஆலைக்கும், அது வேண்டவே வேண்டாம். உள்ளே உள்ள காற்று உள்ளேயே இருக்க வேண்டும், வெளிக் காற்று வெளியேயே இருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இதுதான் முதல் நிபந்தனை.

ஃபேனை எடுத்துவிட்டால் சூடு எங்கே போகும்? இங்கேதான் பலர் பயந்து பேனல் ஏசிக்குப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கஷ்டமே இல்லை. 800 மில்லிமீட்டர் உயரம், 600 அகலம், 400 ஆழம் உள்ள பெட்டியைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். சுவர்ப் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விட்டுவிட்டால் சூட்டை வெளியே விடும் பரப்பு 1.36 சதுர மீட்டர். பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 5.5 வாட் சூட்டை வெளியேற்றும். பெருக்கினால் டிகிரிக்கு ஏறக்குறைய 7.5 வாட். உங்கள் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் என்றால், உள்ளே வெளியைவிட 16 டிகிரி கூடும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே 42 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 58. சாதாரண டெஸ்க்டாப்புகளைப் பெரும்பாலும் 35 டிகிரி அறைக்குத்தான் செய்கிறார்கள். நிச்சயம் சாகும்.

அதே பெட்டியில் ஃபேன் இல்லாத இண்டஸ்ட்ரியல் பிசி ஒன்றையும் சின்ன டிஸ்ப்ளே ஒன்றையும் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 45 வாட்டுக்குள் முடியும். ஏறும் சூடு வெறும் 6 டிகிரி. மே மாதத்திலும் உள்ளே 48. இந்த வகை பிசிக்களில் 60 டிகிரி வரை தாங்குபவை தாராளமாகக் கிடைக்கின்றன, ஸ்பெக் தாளைப் பார்த்து வாங்க வேண்டும். ஏசியே தேவையில்லை. பேனல் ஏசிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைப் பிசியில் போடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். எடை எடுத்து லேபிள் அடிக்க அதற்கு மேல் வேகமும் தேவையில்லை. வாங்கும்போது ஆர்எஸ் 232 போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் எடை மெஷினுக்கு அது வேண்டியிருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி. யுபிஎஸ்ஸை மட்டும் இந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், மூடிய பெட்டிக்குள் அது ஆபத்து. சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுளும் ஏறக்குறைய பாதியாகும். கண்ட்ரோல் ரூமிலிருந்து யுபிஎஸ் லைன் ஒன்றை இழுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் ஊர் இரவில் 28 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்பது சாதாரணம். அந்தக் காற்றையே 6 டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது மூடிய பெட்டிக்குள் பிசி ஓடிக்கொண்டே இருந்தால் அதன் சூடே காற்றை உலர்வாக வைத்திருக்கும். ஆகவே ஷிஃப்ட் முடிந்ததும் ஆஃப் பண்ணும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஆஃப் பண்ணினால் பெட்டி ஆறும், உள்ளே உள்ள காற்று சுருங்கும், வெளியிலிருந்து ஈரக் காற்றை இழுக்கும். சூடான பெட்டியின் மேல் ஹோஸைப் பிடித்துக் கழுவினாலும் இதேதான். திடீரென்று ஆறும் பெட்டி, கேஸ்கெட் வழியாகத் தண்ணீரையே உறிஞ்சும். இதற்காக பிரீதர் என்ற சின்னத் திருகு ஒன்று விற்கிறார்கள். காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும், தண்ணீரை விடாது. பெட்டியின் கீழ்ப் பக்கத்தில் ஒன்று கட்டாயம் போடுங்கள். அது வாயுவை வடிகட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள், ஆனால் அதன் வழியாகப் போகும் காற்று ஃபேன் தள்ளுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பொங்கல், தீபாவளிக்கு ஆலையை நிறுத்தும் நாட்களுக்காக 15, 20 வாட்டில் ஓர் ஆன்டி கண்டென்சேஷன் ஹீட்டரைத் தனி லைனில் கொடுத்துவிடுங்கள்.

பேனல் ஏசி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. உள்ளே மோட்டார் டிரைவ், பெரிய பவர் சப்ளை என்று சில நூறு வாட் இருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் செட் பாயிண்டை 35 டிகிரியில் வையுங்கள். 22-இல் வைப்பது நல்லது என்று நினைப்பது பெரிய தப்பு. 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 28, 29 டிகிரிப் பரப்பில் பட்டாலே தண்ணீராகும். 22 டிகிரியில் இருக்கும் போர்டின் முன்னால் யாராவது கதவைத் திறந்த மறு நிமிடமே அதன் மேல் வியர்வை. அதோடு, வெளிப்பக்க காயில் உங்கள் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பூச்சு அடித்த காயில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஏசி பழுதான ஆலைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேனல் கதவு திறந்து கிடக்கும், எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடும். அந்த நிலையில் ஐபி 66-க்குக் கொடுத்த காசு முழுக்க வீண்.

எந்த உலோகம் என்பதற்கு இடத்துக்கு இடம் பதில் மாறும். பேக்கிங் ஹாலுக்கு எஸ்எஸ் 316. 304-இல் இல்லாத மாலிப்டினம் இதில் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது, குளோரைடு போடும் குழி அரிப்பை அது நன்றாகத் தடுக்கும். கடற்கரைப் பக்கம் 304 கைப்பிடிகளில் பழுப்புக் கறை ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான், மொத்தச் செலவில் அது பெரிதாகத் தெரியாது. ஒன்று மட்டும், பெயிண்ட் அடிக்காத மினுங்கும் ஸ்டெயின்லெஸ், பெயிண்ட் அடித்த தகடு அளவுக்குச் சூட்டை வெளியே விடாது. அதனால் ஒரு சைஸ் பெரிய பெட்டியாக எடுங்கள். ஈடிபி ஷெட்டுக்கு ஸ்டெயின்லெஸ்ஸும் வேண்டாம், கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கான எஃப்ஆர்பி எடுங்கள். குளோரினும் அமிலமும் வரும் இடத்தில் 316-ம் கடைசியில் தோற்கும், எஃப்ஆர்பி நிற்கும். அது சூட்டை இன்னும் கொஞ்சம் பிடித்துவைக்கும், சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 3.5 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரடியாக விழாத சுவராகப் பாருங்கள், மேற்குப் பார்த்த சுவர் வேண்டவே வேண்டாம். உள்ளூர் ஃபேப்ரிகேட்டரின் எம்எஸ் பெட்டியில் பவுடர் கோட்டிங் ஒரு கீறல் விழும் வரைதான் காப்பாற்றும். துளை போட்ட விளிம்பிலிருந்து துரு உள்ளே போய்விடும்.

பேக்கிங் ஹாலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் இடைப்பொருள் உலர்ந்த கரிமத் தூளாக இருந்தால், அந்தத் தூளே காற்றில் பறக்கும்போது எரியக்கூடியதாக இருக்கலாம். பாதுகாப்பு அலுவலரிடம் இதைக் கேட்காமல் எதுவும் வாங்க வேண்டாம். எரியும் தூள் என்றால் அதற்கும் ஜோன் 21, 22 என்ற வகைப்பாடும், அதற்கேற்ற சான்று பெற்ற பெட்டியும் வேண்டும். மேலே நான் சொன்ன பெட்டி அங்கே செல்லாது.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்பேன். ஆபரேட்டருக்குத் தேவை ஒரு திரையும் ஒரு பட்டனும்தான். எடை மெஷினின் ஆர்எஸ் 232 கேபிள் சுமார் 15 மீட்டருக்கு மேல் நம்பகமாகப் போகாது. ஆனால் ஈதர்நெட் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டால் 100 மீட்டர் போகலாம். கேட் 6 கேபிளில் திரையையும் கீபோர்டையும் நீட்டிக்கொடுக்கும் கேவிஎம் எக்ஸ்டெண்டர்களும் அதே தூரத்துக்கு இருக்கின்றன. பிசியை ஏசி போட்ட கண்ட்ரோல் ரூமில் வைத்துவிட்டு, தளத்தில் முகப்பு ஐபி 65 உள்ள டச் பேனலை மட்டும் மாட்டலாம். ஈடிபி ஷெட்டுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஹைட்ரஜன் சல்ஃபைடோடு எந்தப் பெட்டியும் ரொம்ப நாள் போராட முடியாது.

அப்புறம், துளைகள். நல்ல பெட்டிகளை நாம் கெடுப்பது இங்கேதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஐபி 66 என்று இருக்கும் பெட்டியில், நம் எலக்ட்ரீஷியன் மேல் பக்கம் துளை போட்டு, இரண்டு கேபிளை விட்டு, மிச்சத்தைக் காட்டன் வேஸ்ட்டால் அடைத்துவிடுவார். துளைகள் எல்லாம் கீழே உள்ள க்ளாண்ட் ப்ளேட்டில்தான் வர வேண்டும் (க்ளாண்ட் என்பது துளையில் கேபிளை இறுக்கிப் பிடித்து அடைக்கும் திருகு). கேபிள் பெட்டிக்கு வருமுன் ஒரு வளைவு எடுத்துத் தொங்கி வந்தால் அதன் வழியே ஓடும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளின் தடிமனுக்கேற்ற க்ளாண்ட் வேண்டும், பயன்படாத துளைக்கு அடைப்புத் திருகு வேண்டும். யுஎஸ்பி கேபிள்தான் தொல்லை. அதன் தலை க்ளாண்டுக்குள் போகாது, அதனால் துளையைப் பெரிதாக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். கேபிளைச் சுற்றி இரண்டாகப் பிளந்து மூடும் என்ட்ரி ஃப்ரேம்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ஈதர்நெட் கேபிளை க்ளாண்ட் வழியாக விட்ட பிறகு கிரிம்ப் பண்ணலாம். லேபிள் பிரிண்டரை இந்தப் பெட்டியில் சேர்க்கவே வேண்டாம், காகிதம் வெளியே வர வாய் திறந்துதான் ஆக வேண்டும். அதைத் தனியாக, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள ஆபீஸ் அறையில் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

கேஸ்கெட்டைச் சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். கதவு அமரும் விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, கதவைப் பூட்டித் திறந்தால், கேஸ்கெட்டில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழ வேண்டும். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே காற்று போகிறது. பெட்டி வந்த அன்றும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் செய்யுங்கள். விற்பவரிடம் நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கு மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் (சிபிஆர்ஐ) போன்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். வாயால் சொல்லும் ஐபி 66-ம், பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரும் போதாது.

உயரத்தையும் பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மழை பக்கவாட்டில் அடித்தது. 2015 வெள்ளத்தில் இங்கே பல இடங்களில் தண்ணீர் நின்றது. உங்கள் ஷெட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே பெட்டியின் அடிப்பாகம் வரும்படி மாட்டுங்கள். ஜன்னலுக்கும் லூவருக்கும் நேரே வைக்க வேண்டாம்.

கடைசியாக, செத்துப்போன கம்ப்யூட்டர்கள். போர்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தினால் சில உயிர் பெறும். ஆபீஸில் கணக்கு எழுத வைத்துக்கொள்ளலாம், உற்பத்தியில் நம்ப வேண்டாம். சிப்புக்கு அடியில் போன அரிப்பைக் கழுவ முடியாது, சில வாரங்களில் திரும்ப மக்கர் பண்ணும். அதன் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் என்ற காப்புப் பூச்சை ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கிறேன் என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை மூடிவைத்ததுபோல் ஆகும். புதிய பிசி வாங்கும்போது தொழிற்சாலையிலேயே பூச்சு அடித்த போர்டாகக் கேளுங்கள். ஈடிபி பக்கம் வைப்பதாக இருந்தால் சிலிக்கோன் பூச்சு வேண்டாம், கந்தக வாயு அதன் வழியாகப் போய்விடும்.

ஹார்ட் டிஸ்க்குகளைத் தூக்கிப் போடுவதற்கு முன், எடை மெஷின் சாஃப்ட்வேர், லேபிள் டிசைன், செட்டிங் எல்லாவற்றையும் இமேஜாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலும் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அவை உங்கள் ஆலைக் காற்றை ஆறேழு மாதம் சுவாசித்தவை, அதனால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். செம்புக் கம்பிகளை இன்றே தொங்கவிட்டால் அடுத்த மாதம் அந்தப் போட்டோவையும், ஹாலில் பிற்பகல் வெப்பநிலையையும், எடை மெஷினிலிருந்து கண்ட்ரோல் ரூம் வரை உள்ள தூரத்தையும் எழுதி அனுப்புங்கள். பெட்டியின் அளவைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.